நூல் கட்டாத காய்

இரவெல்லாம் விடாது பெய்த மழை விடியலுக்குச் சற்று முன்னே ஓய்ந்து, கூரையோரங்களில் தொங்கிய கடைசித் துளிகளும் ஒவ்வொன்றாய் மண்ணில் வீழ்ந்து அடங்க, ஆற்றின் இருகரையிலும் நெருங்கிக் கிடந்த அந்நகரம் மெல்லக் கண்விழித்துக்கொண்டிருந்தது. ஆலைகளின் புகைபோக்கிகள் வெண்புகையை வானுக்கு ஏற்றின. பால்வண்டிகள் கற்பாவிய தெருக்களில் கடகடத்து ஓடின. முதற்சங்கு கேட்ட தொழிலாளர், உணவுத் தூக்கும் கையுமாய்ப் பாலத்தின்மேல் விரைந்தனர். அப்பாலத்திற்கு வடக்கே, ஒன்றன் தோளை ஒன்று உரசி நிற்கும் சிறுவீடுகளின் வரிசையொன்று இன்னும் உறக்கம் கலையாது கிடந்தது. அவ்வீடுகள் ஒவ்வொன்றின் பின்னும் நாற்பதடி நீளமும் பதினைந்தடி அகலமுமான நிலத்துண்டு உண்டு. சிலர் அதில் உடைந்த கட்டில்களைக் கிடத்தியிருந்தனர். சிலர் துணி உலர்த்தினர். சிலர், மறைப்பானேன், குப்பை கொட்டினர். ஏழாம் வீட்டின் பின்புறம் மட்டும் கீரைப்பாத்தியும் கத்தரியும் தக்காளியும், மூங்கிற் பந்தலை மூடிப் படர்ந்த சுரைக்கொடியுமாய், பார்த்தவர்க்குப் பசியெடுக்கும்படி செழித்து நின்றது.

சுவையறிந்த அன்பரே, அப்பந்தலின் கீழே சேறு படிந்த வெறுங்காலோடு, கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கும் அவனைச் சற்றே பாரும். ஐம்பத்து மூன்று அகவையினன். பூட்டுச் செய்வதும் பழுது பார்ப்பதும் அவன் தொழில். கடைத்தெருவின் கோடியில், ஒருவர் உள்ளே நுழைந்தால் மற்றவர் வெளியே நிற்கவேண்டிய அளவே இடமுள்ள கடையொன்றில் அமர்ந்து, முப்பது ஆண்டுகளாக ஊரார் தொலைத்த திறவுகோல்களுக்கெல்லாம் மாற்றுக்கோல் அராவிக் கொடுத்துவந்தவன். மயிரிழை பிசகினும் பூட்டுத் திறவாது என்னும் அறிவு விரல்நுனியில் ஊறிப்போனமையால், சொன்னதைச் சொன்னபடியே செய்யும் இயல்பு அவனைப் பிடித்து ஆட்டிற்று. ஒரு படி நீர் என்றால் ஒரு படியே. ஒரு சொட்டுக் கூடாது, ஒரு சொட்டுக் குறையாது. இதனால் கடையில் அவனுக்கு நற்பெயரும் வீட்டில் கேலியும் நாள்தோறும் கிடைத்தன. அன்று அவன் இமையாது நோக்கியது ஒரு சுரைக்காயை. கொடி பந்தலேறி எழுபது நாளாகியும் பிஞ்சுகள் பலவும் வெம்பி உதிர்ந்துபோக, அது ஒன்றே தப்பிப் பிழைத்து, முழங்கை நீளத்திற்கு வளர்ந்து, மழை கழுவிய பசுமையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அக்காயை அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தது வீணாசையால் அன்று. உள்ளே, பலகணியோரம் இட்ட கட்டிலில் அவன் மனைவி கிடந்தாள். ஓராண்டின் முன் அவள் வயிற்றில் தோன்றிய கட்டியை மருத்துவர் அறுத்தெடுத்தனர். எஞ்சிய வேரை எரிப்பதற்கென்று மூன்று கிழமைக்கு ஒருமுறை குருதியில் மருந்து ஏற்றினர். அம்மருந்து நோயை எரித்ததோ இல்லையோ, அவள் பசியை முதலில் எரித்துவிட்டது. தட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். இரண்டு வாய் உண்டால் மூன்றாம் வாய்க்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. "நாப்பது கிலோவுக்குக் கீழ போனா நான் மருந்து ஏத்த மாட்டேன். உடம்பு தாங்காது. மருந்து நின்னா நோய் மறுபடி தலையெடுக்கும். இதுக்கு மேல நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல," என்று பெரிய மருத்துவர் கைவிரித்துக் கூறிவிட்டார். சென்ற முறை எடைமுள் முப்பத்தொன்பதில் நின்றது. வியாழக்கிழமை மீண்டும் ஏறி நிற்கவேண்டும். அன்று ஞாயிறு.

"உங்க கடையில கிடங்குப் பூட்டு ஒண்ணு இருக்குமே, கல்லுக் கணக்கா? அத மடியில கட்டிக்கிட்டு ஏறி நின்னா போச்சு. எதுக்கு இவ்வளவு பாடு?" என்று அவள் நகைத்திருந்தாள். பிறகு நகைப்பு அடங்கி, பலகணி வழியே பந்தலை நோக்கியவளாய், "என் விதையில வந்த சுரையா இருந்தா ஒருவேளை தொண்டையில இறங்கும்ங்க," என்று மெல்லச் சொன்னாள். அவ்வொரு சொல்லைத்தான் அவன் உயிரைப்போல் பிடித்துக்கொண்டிருந்தான்.

அத்தோட்டம் முழுதும் அவள் கைப்பட்டது. இருபத்தாறு ஆண்டுகளாக அவளே கொத்தினாள், விதைத்தாள், நீர் ஊற்றினாள், பறித்தாள், அரிந்தாள், அடுப்பேற்றினாள்; அவனோ உண்டான், பாராட்டினான், கடைக்குப் போனான். சுரைக்காயையோ வெள்ளரியையோ அரியும்போதெல்லாம், காம்பின் பக்கம் ஒரு சிறு கீற்றைச் சீவி வாயில் போட்டு மெல்வது அவள் வழக்கம். ஒருநாளும் தவறியதில்லை. "பச்சைக்காய்த் திருடி! குழம்புக்குக் கொஞ்சம் மிச்சம் வைப்பியா?" என்று அவன் கேட்பதும், அவள் கன்னம் உப்ப மென்றபடியே கத்தியைக் காட்டி மிரட்டுவதும் அவ்வீட்டின் நாட்கூத்து. எதற்காக மெல்கிறாள் என்று அவன் கேட்டதுமில்லை. கேலி கேட்கும் இன்பத்தை இழக்க மனமில்லாதவளாய் அவள் சொன்னதுமில்லை.

இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. விதைக்கென்று ஒதுக்கும் காயின் பூவை, அது விரியுமுன்னே நூலால் கட்டி மூடுவாள். மாலையில் கட்டவிழ்த்து, தன் கொடியின் ஆண்பூவைக் கொண்டே அதன்மேல் தடவி, மறுபடி கட்டுவாள். அது பிஞ்சானதும் காம்பில் சிவப்பு நூல் முடிந்துவைப்பாள். அந்தக் காய் முற்றி உலர்ந்து கலகலவென ஒலிக்கும்வரை எவரும் தொடலாகாது. சென்ற ஆண்டு அவ்வாறு முடிந்த மறுகிழமையே அவளை அறுவைக்குக் கொண்டுபோயினர். ஆளில்லா வீட்டில் தானே சமைக்கப் புகுந்த பூட்டுக்காரன், நூல் கட்டிய காய் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கக் கண்டு, நூல் அழகுக்குக் கட்டியது போலும் என எண்ணி, அதையே பறித்துக் குழம்பாக்கித் தின்றுவிட்டான்! பின்னர் அவள் கட்டிலிலிருந்தபடி, "விதைக்கு எடுத்தீங்களே, அது நூல் கட்டின காய்தானே?" என்று வினவியபோது, பந்தலின் மூலையில் முற்றிக் கிடந்த வேறொன்றின் விதைகளைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அவன், நொந்து கிடப்பவளை மேலும் நோகச் செய்வானேன் என்று, "ஆமா, அதேதான்," என்றான். விதை விதைதானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று எண்ணி, அவற்றையே விதைத்தான். மதிலுக்கு அப்பால், ஆறாம் வீட்டுக் குப்பைமேட்டில், எவரும் விதைக்காமலே காட்டுச்சுரை ஒன்று முளைத்துப் படர்ந்து அந்த ஆண்டு முழுதும் வெண்பூப் பூத்திருந்ததை அவன் கண்டான், கண்டும் பொருட்படுத்தவில்லை.

சுரையை அறுத்துக்கொண்டு அவன் அடுப்படி புகுந்தான். அங்கே சுவரில், செவிலி ஒருத்தி சொல்ல அவன் தன் கையால் எழுதி ஒட்டிய தாள் ஒன்று இருந்தது. நீரைக் காய்ச்சி ஆற்றுக. பச்சையாய் எதுவும் தரற்க. பிறர் வாய்பட்டதை ஒருபோதும் தரற்க. "எச்சில் பட்டா போச்சு. அவங்க உடம்புல எதிர்ப்பே இல்ல. ஒரே ஒரு கிருமி போதும்," என்று அச்செவிலி விரலை உயர்த்தி எச்சரித்தது முதல், அவன் அவளுக்கென ஆக்கும் எதனையும் நாவில் வைத்ததில்லை. உப்பை நாவால் அறியாமல் அளவால் அறியவேண்டி, பழம்பூட்டின் பித்தளைத் தகட்டை வளைத்து ஒரு சிறு கரண்டியே செய்து வைத்திருந்தான். சொன்னதைச் சொன்னபடி செய்பவன் அல்லவா! தோலைச் சீவினான், பஞ்சுபோன்ற நடுவை வழித்தான், விரற்கடை அளவாய்த் துண்டமிட்டு, பாலில் இட்டுச் சிறுதீயில் குழைய வேகவைத்து, மசித்து, வெண்ணெய் ஒரு கட்டியும் மிளகுப்பொடியும் சேர்த்தான். ஒருமுறை விரலில் பட்டதை நக்கப்போய், சுவரின் தாளைக் கண்டு, கையைக் கழுவிக்கொண்டான். பாரும் அன்பரே, அந்நொடியில் அவன் அவ்விரலை நக்கியிருந்தால் இக்கதையே இல்லை.

கிண்ணத்தை ஏந்திக் கட்டிலருகே அமர்ந்தான். அவள் தலையணையில் சாய்ந்து எழுந்து, முதற்கரண்டியை வாயில் வாங்கினாள். அவன் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏறி இறங்கியது.

"எப்படி இருக்கு?"

அவள் அவன் முகத்தை நோக்கினாள். மூன்று நாள் மழிக்காத தாடியும், அடுப்புப் புகையில் சிவந்த கண்ணும், பிள்ளையைப்போல் ஏங்கித் திறந்த வாயும் கண்டாள்.

"நல்லா இருக்குங்க."

"உப்பு?"

"சரியா இருக்கு."

"நம்ம காயாச்சே. இனிக்குதா?"

"இனிக்குது," என்றாள். "இன்னும் குடுங்க."

இன்னும் குடுங்க! அச்சொல்லைக் கேட்டு எத்தனை திங்களாயின! அவன் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. ஒரு கிண்ணம் ஒழிந்து, இரண்டாம் கிண்ணமும் பாதி ஒழிந்தது. அவள் உதட்டைத் துடைத்துப் படுக்கவைத்தவன், மகிழ்ச்சியை அடக்கமாட்டாமல் பின்புறம் ஓடி, மதிலுக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஆறாம் வீட்டுத் தையற்காரியை விளித்தான். அவள் ஊசிக்கு அஞ்சாதவள், வாய்க்கும் அஞ்சாதவள்.

"அக்கா! ஒன்றரைக் கிண்ணம் சாப்பிட்டாக்கா! அவளே கேட்டு வாங்கிச் சாப்பிட்டா!"

"அப்பாடா! வயித்துல இருந்த கல்லு இறங்குச்சு தம்பி. வியாழக்கிழமை பாரு, முள்ளு நாப்பதத் தாண்டி குதிக்கும். நீயும் ஒரு வாய் சாப்பிடு போ, ஆளு பாதியாயிட்ட."

அவன் சிரித்தபடி உள்ளே வந்தான். அவள் உண்டு முடித்தாள்; இனி எச்சில் ஆனால் என்ன? ஏனத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தான்.

கசந்தது. நாக்கின் அடிவரை இறங்கிப் பிடித்துக்கொண்டு விடாத கசப்பு; வேப்பங்கொட்டையைக் கடித்தாற்போன்ற கசப்பு. துப்பினான்; நீரால் கொப்பளித்தான்; பின்னும் போகவில்லை. இதையா இனிக்கிறது என்றாள், இதையா இன்னும் கேட்டாள் என்று அவன் திகைத்து நிற்கையிலே, உள்ளறையிலிருந்து ஓங்கரிக்கும் ஒலி எழுந்தது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரித்துரைக்க எனக்கு மனமில்லை. உண்டதெல்லாம் வந்தது, வந்தபின் நீர் வந்தது, அதன்பின் குருதியும் வந்தது. எலும்பும் தோலுமாய் இருந்தவளை அவன் போர்வையோடு வாரியெடுத்துத் தெருவுக்கு ஓட, தையற்காரி ஊசி குத்திய துணியைத் தோளில் தொங்கவிட்டபடியே ஓடிவந்து வாடகை வண்டி ஒன்றை மறித்தாள். வண்டியினுள் மனைவியின் தலை அவன் மடியில் கிடந்தது. கைகள் சில்லிட்டிருந்தன. "நான் செஞ்சேன்க்கா, என் கையாலயே செஞ்சு குடுத்தேன்க்கா," என்று அவன் அரற்றினான். "வாய மூடு. முன்னாடி பாத்து ஓட்டச் சொல்லு," என்றாள் தையற்காரி.

மருத்துவமனையில் ஊசிகள் ஏறின, நீர் ஏறிற்று. பொழுது சாயுமளவில், உயிருக்கு இடர் நீங்கியது என்றனர். தாளில் எழுதச் சொன்ன அதே செவிலி வெளியே வந்து, நடந்ததைக் கேட்டு, நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

"கசப்புச் சுரைக்காய் நஞ்சுங்க. நல்ல உடம்புக்காரனையே படுக்க வச்சிடும். நீங்க ருசி பாக்கலையா?"

"எச்சில் படக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அதுக்கு? வேற கரண்டியில எடுத்து, தனியா வாயில போட்டுப் பாக்கக் கூடாதுன்னு யாருங்க சொன்னது?"

எவரும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாக எத்தனையோ பூட்டுகளை மாற்றுவழியில் திறந்தவன், இந்த எளிய வழியை எண்ணிப் பார்க்கவில்லை. அவன் சுவரோரம் அப்படியே குந்திவிட்டான். தன் கையை வெட்டி எறியலாமா என்று தோன்றியது அவனுக்கு.

மறுநாள் முற்பகலில் அவளைக் காண விடுத்தனர். வெளுத்த துணியின்மேல் வெளுத்த துணியாய்க் கிடந்தவள், அவனைக் கண்டதும் கேட்ட முதற்கேள்வி இது:

"நூல் கட்டின காயோட விதை கசக்காதேங்க. எப்படிக் கசந்துச்சு?"

பூட்டிய பெட்டி தானே திறந்தாற்போல், எல்லாம் கொட்டிற்று. "அது நூல் கட்டின காய் இல்லம்மா. அத நான்தான் குழம்பு வச்சுத் தின்னுட்டேன். மூலையில கிடந்ததுல விதை எடுத்தேன். உங்கிட்ட பொய் சொன்னேன். நீ படுத்துக் கிடந்தே, எதுக்கு உன்ன வருத்தணும்னு… அந்தப் பொய்தான் உன்ன இங்க கொண்டுவந்து போட்டிருக்கு." இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, ஐம்பத்து மூன்று அகவை ஆடவன் விம்மி அழுதான்.

அவள் அவன் சட்டைநுனியைப் பிடித்து இழுத்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும். எனக்கு நாலு மாசமா எந்த ருசியும் தெரியல. உப்பும் தெரியல, உரைப்பும் தெரியல, எல்லாம் மண்ணுதான். தெரியலன்னு சொன்னா நீங்க ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு, தெரியற மாதிரியே சொல்லிக்கிட்டு வந்தேன். நேத்தும் அப்படித்தான். உங்க மூஞ்சியப் பாத்தேன், இனிக்குதுன்னு சொல்லிட்டேன். நிசமா தெரியலன்னு சொல்லியிருந்தா நீங்க ஒரு வாய் வச்சுப் பாத்திருப்பீங்கல்ல?"

அவன் தலையசைத்தான்.

"நான் ஏன் பச்சைக்காய் திருடுவேன்னு நெனச்சீங்க இத்தனை வருஷமா?"

"ஆசையிலன்னு."

"கசக்குதான்னு பாக்கறதுக்குங்க! கசந்தா தூக்கி எறிஞ்சிடணும். இருபத்தாறு வருஷம் உங்க உயிரக் காப்பாத்தியிருக்கேன், எனக்குத் திருடிப் பட்டம்," என்றாள். சிரிக்க முயன்றாள், வயிறு நொந்தமையால் அது பாதியில் நின்றது. அவனுக்கோ அச்சிரிப்பு அழுகையைவிடப் பொறுக்கமுடியாததாய் இருந்தது.

வியாழனன்று முள் முப்பத்தேழில் நின்றது. பெரிய மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். "பன்னெண்டு நாள் தரேன். அதுக்கு மேல தள்ளிப்போட முடியாது," என்றார். பன்னிரண்டு நாளில் மூன்று கிலோ. ஓராண்டில் ஒரு கிலோ கூட ஏறாதவள் எங்ஙனம் ஏறுவாள்? வீடு வந்து அவளைக் கிடத்திய பூட்டுக்காரன், நேரே பந்தலடிக்குப் போனான். கொடியில் புதிதாய் இரண்டு பிஞ்சுகள் இறங்கியிருந்தன. சூழ்ச்சி ஏதும் அறியாத அப்பிஞ்சுகளைக் கண்டு அவனுக்குச் சினம் தலைக்கேறிற்று. வேரோடு பிடுங்கினான், பந்தலிலிருந்து இழுத்துச் சரித்தான், காலால் மிதித்தான், மிதித்து மிதித்து மூச்சிரைக்க அச்சேற்றிலேயே அமர்ந்தான்.

மதிலின்மேல் தையற்காரியின் தலை தெரிந்தது. "என் குப்பைமேட்டுக் கொடியும் நேத்தே பிடுங்கி எறிஞ்சிட்டேன் தம்பி. பூ அழகா இருக்கேன்னு விட்டு வச்சேன், அதோட பூந்தூளு பட்டுத்தான் உன் காய் கசந்திருக்கு, பாழாப்போனது," என்றாள். பின்னர் மடித்த துணித்துண்டு ஒன்றை நீட்டினாள். "இது உன் பொண்டாட்டி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்குக் குடுத்த விதை. நூல் கட்டின காயோடதுன்னு ஆயிரம் தடவ சொல்லிக் குடுத்தா. எனக்கு எங்க மண்ணு கொத்த வரும்? ஊசிப் பெட்டியிலயே கிடந்துச்சு." துணிக்குள்ளே ஒன்பது விதைகள் இருந்தன, ஒரு சிவப்பு நூலும் இருந்தது. அவன் அவற்றை அன்றே விதைத்தான். ஆயினும் பன்னிரண்டு நாளில் விதை முளைக்குமேயன்றிக் காய்க்காது என்பதை அவனும் அறிவான்.

எஞ்சியிருந்தவை கத்தரி, தக்காளி, கீரை. அவற்றைக்கொண்டே போர் தொடங்கிற்று. சுவரிலிருந்த தாளைக் கிழித்தெறியவில்லை. அதன்கீழே ஒரு வரி சேர்த்து எழுதினான்: வேறு கரண்டியில் எடுத்து, நான் முதலில் உண்ணவேண்டும். நாள்தோறும் ஆறு வேளை சிறிது சிறிதாய் ஆக்கினான். ஒவ்வொன்றையும் அவள் கண்முன்னே தனிக்கரண்டியில் எடுத்து உண்டான். உண்டு, அறிந்தவாறே உரைத்தான். தொடக்கத்தில் அவனுக்குச் சுவையைச் சொல்லவும் வரவில்லை.

"தக்காளி எப்படி இருக்குங்க?"

"நல்லா… எண்ணெய் போட்ட பூட்டு மாதிரி, தடங்கல் இல்லாம போகுது."

"அது ருசியா? புளிக்குதா, இனிக்குதா சொல்லுங்க."

"முதல்ல புளிப்பு. அப்புறம் கொஞ்சம் இனிப்பு. கீரை அடிப்பிடிச்சிருச்சு, புகை வாசம் அடிக்குது. உப்பும் கம்மி."

"அப்படிச் சொல்லுங்க," என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு வாய் திறந்தாள். நாக்கு மறந்ததை அவன் சொல் நினைவூட்டியது போலும். புளிப்பு என்று கேட்டதும், என்றோ உண்ட தக்காளியின் புளிப்பு எங்கிருந்தோ எழுந்து வந்து, வெறும் மண்ணாய்க் கிடந்த கவளத்தை உள்ளே தள்ளிற்று. தள்ளாத நாளும் உண்டு. அன்று அவள் "முடியலங்க, மண்ணா இருக்கு," என்று உள்ளதை உள்ளபடி சொல்வாள். அவனும் வற்புறுத்தாது தட்டை எடுத்துக்கொண்டுபோய், அடுப்படியில் நின்று சுவரில் தலையை முட்டிக்கொள்வான். எட்டாம் நாள் அவள் உண்டதெல்லாம் வெளியே வந்தது. பத்தாம் நாள் மீண்டும் இறங்கிற்று. வளையல் முழங்கைக்கு ஏறாமல் பாதியில் நின்றதை இருவரும் கண்டனர். கண்ணேறு பட்டுவிடுமோ என்று அஞ்சியவர்போல் இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டாம் நாள் வந்தது. எடை பார்க்கும் அறையின் வெளியே, நீண்ட நடையின் பலகையில் இருவரும் அமர்ந்திருந்தனர். அவன் சட்டைப்பை ஒருபுறமாய் இழுத்துத் தொங்குவதைக் கண்ட அவள், உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். கிடங்குப் பூட்டு! ஒரு கிலோவுக்குக் குறையாத இரும்பு.

"இது எதுக்கு?"

"நீதானே அன்னைக்குச் சொன்னே. எட்டலன்னா என்ன பண்றது? இடுப்புல சொருகிக்கோ. யாருக்கும் தெரியாது. உன்ன விட்டுட்டு நான் எப்படி…"

அவள் அப்பூட்டைக் கையில் எடைபோட்டுப் பார்த்தாள். பின்பு அவன் பைக்குள்ளேயே அதைத் திருப்பிப் போட்டாள்.

"நூல் விஷயத்துல நீங்க ஒண்ணு சொன்னீங்க. ருசி விஷயத்துல நான் ஒண்ணு சொன்னேன். போதும்ங்க. என்ன இருக்கோ அத வச்சு நிக்கிறேன்."

வெறுங்காலோடு ஏறி நின்றாள். முள் ஆடியது, நாற்பதை நோக்கிப் பாய்ந்தது, தயங்கியது, பின்வாங்கி, முப்பத்தொன்பதரையில் அசையாது நின்றது. பூட்டுக்காரனுக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் ஆயிற்று. பையிலிருந்த இரும்பை விரல் வெளுக்கப் பற்றினான். பெரிய மருத்துவர் முள்ளையும் அவளையும் மாறி மாறி நோக்கினார். அவள் இடுப்பை ஒருமுறை தட்டியும் பார்த்துக்கொண்டார்.

"கல்லு கட்டிக்கிட்டு வந்து ஏறுறவங்கள நான் பாத்திருக்கேன்மா. எடைய வச்சுத்தான் மருந்த அளக்கறோம். பொய் எடைக்கு ஏத்தினா, மருந்தே ஆளக் கொண்டுபோயிடும். பன்னெண்டு நாள்ல ரெண்டரை ஏத்தியிருக்கீங்க. நிசமா ஏத்தியிருக்கீங்க. இந்த உடம்பு சோத்த ஏத்துக்குது. அளவக் குறைச்சு, இருக்கிற எடைக்குத் தரேன். குணமாகும்னு சொல்ல மாட்டேன். தரேன், அவ்வளவுதான்."

அவள் உள்ளே போனாள். அவன் நடையில் அமர்ந்து, பூட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதன் குளிர்ந்த முதுகை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தான்.

அவள் பிழைத்தாளா என்று வினவுகிறீர். உள்ளதை உள்ளபடி உரைக்கவேண்டிய கதையன்றோ இது! அவள் பின்னும் பதினொரு திங்கள் இருந்தாள். ஒன்பது விதைகளுள் நான்கு முளைத்துப் பந்தலேறிக் காய்த்ததைக் கண்டாள். நாற்காலியில் அமர்ந்து, நடுங்கும் விரலால் மூன்று பூக்களுக்குத் தானே நூல் கட்டினாள். காம்பில் சிவப்பு முடிந்தாள். அவனை அருகழைத்து, முடிச்சு எப்படி விழவேண்டும் என்று ஏழு முறை செய்து காட்டினாள். நாச்சுவை மட்டும் திரும்பவில்லை. இறுதிவரை அவன் சொல்லாலேயே உண்டாள். அடுத்த பூப்பருவம் வருமுன்னே, மழை ஓய்ந்த ஒரு காலையில், அவள் கைப்பிடி அவன் கையில் தளர்ந்தது.

அன்பினால் சொல்லும் பொய், சொல்லும்போது இனிக்கிறது. அது எவர் வயிற்றில் எந்நாள் இறங்கும் என்பதைச் சொல்பவரும் அறிவதில்லை. அதை அறிய அவ்விருவரும் கொடுத்த விலை பெரிது. ஆனால் அறிந்தபின் அவர்கள் வாழ்ந்த பதினொரு திங்களில், அவ்வீட்டில் ஒரு பொய்யும் சொல்லப்படவில்லை. இன்றும் ஏழாம் வீட்டுப் பந்தலில் சுரை காய்க்கிறது. பூட்டுக்காரன் கடைக்குப் போகுமுன் ஒன்றை அறுத்துவந்து, அடுப்படியில் அமர்ந்து, காம்பின் பக்கம் ஒரு கீற்றைச் சீவி வாயில் போடுகிறான். கண்ணை மூடிப் பொறுமையாய் மெல்கிறான். பின்பு, பலகணியோரத்து வெறுங்கட்டிலின் பக்கம் முகத்தைத் திருப்பி, அவள் காதில் விழவேண்டிய அளவுக்குக் குரலை உயர்த்திச் சொல்கிறான்:

"கசக்கல. நீ சாப்பிடலாம்."